பலமா, புலனா?



நடுவர் ஐயா, எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். அத்திவாரம், கம்பி, சீமெந்து, சதுர அடி என்று கணக்கோடு பேசினார். வீட்டுக்கு முதலில் வேண்டியது பலம், புலன்களின் சுகத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறா. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் கிடைத்து, போதாததற்கு நகையை அடைவு வைத்துக் கல்வீடு கட்டினவ. மத்தியானம் அந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் பதில் வராது. பின்பக்கம் போகவேணும். கிடுகு வேய்ந்த குசினிக்குள்ளே மண் நிலத்தில் பாயைப் போட்டுப் படுத்திருப்பா. கேட்டால், "அது ஆக்கள் வந்தால் இருக்க, இது நான் இருக்க" என்பா.

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் முதல் சாட்சி அந்த மாமிதான்.

மாமி தன் தோல் சொன்னதைக் கேட்டிருக்கிறா. தோல் எப்படிப் பேசுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2021இல் டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் பட்டபூட்டியானுக்கும் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். ஜூலியஸ் அதற்குத் துணையாகப் பிடித்தது எதை தெரியுமா? மிளகாயின் உறைப்பை! உறைப்புப் போய்த் தட்டுகிற அதே நரம்பு வாசலைத்தான் சுடுகிற வெப்பமும் தட்டுகிறது. செத்தல் மிளகாய் காயப்போட்டு வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? வெப்பமானி அறைக் காற்றின் சூட்டைச் சொல்லும். உச்சி வெயிலில் காய்ந்த கூரைத் தகரம் நேரே தலையில் இறக்குகிற வெக்கையைத் தோல்தான் சொல்லும்.

இரவைப் பாருங்கள். உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்கினால்தான் மூளை நல்ல நித்திரைக்குப் போகும். சீமெந்துக்கல் சுவரோ பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் உள்ளே கக்குகிறது. பங்குனி, சித்திரையில் பிள்ளை புரண்டு புரண்டு படுத்துவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்கினால், பிள்ளையைப் பேசுகிறோம். சுவரை யார் பேசுவது?

2016இல் நடந்ததை இந்தச் சபை மறந்திருக்காது. வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் கட்டித் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. ஒன்றுக்கு இருபத்தொரு லட்சம் ரூபாய் அளவில் செலவு. உருக்குத்தானே, பலத்துக்குக் குறைவா? மாதிரி வீட்டைப் பார்த்த சனம் வெக்கையைப் பற்றிக் கேட்டது, காற்றோட்டத்தைப் பற்றிக் கேட்டது, விறகடுப்பை எங்கே மூட்டுவது என்று கேட்டது. பொறியியல் படித்தவர்களும் அதே கேள்விகளோடு எழுந்து நின்றார்கள். எதிரணி நண்பரின் அளவுகோலை வைத்தால் அந்த வீடு தேறியிருக்கும். எங்கள் சனத்தின் மூக்கையும் தோலையும் தாண்டி அதனால் வரமுடியவில்லை.

அடுத்தது காது. இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். திடீரென்று பெரிய சத்தம் கேட்டால், அது என்ன சத்தம் என்று யோசிக்க முதலே உடம்பு திடுக்கிட்டுவிடும். மூளையின் அடித்தண்டு அப்படித்தான் வேலை செய்கிறது. போர் முடிந்த 2009 மே வரை ஷெல் சத்தத்துக்குள் இருந்த சனம் நாங்கள். அப்படிப்பட்டவர்களின் தலைக்கு மேலே, வெயிலில் விரிந்து டக்கென்று வெடிக்கிற, மாங்காய் விழுந்தால் அதிர்கிற தகரத்தைப் போட்டுவிட்டு "கூரை பலம்" என்று சொன்னால் எப்படி? தகரத்துக்குக் கீழே உட்கூரையாக ஒரு தட்டு அடித்தால் சத்தமும் குறையும், வெக்கையும் குறையும்.

இன்னொன்று. இடம்பெயர்ந்திருந்து 2010இல் திரும்பி வந்தபோது எங்கள் வளவை எப்படிக் கண்டுபிடித்தோம்? வேலி இல்லை, படலை இல்லை, வீடு இல்லை. கிணற்றை வைத்தும் ஒரு பனைமரத்தை வைத்தும்தானே "இது எங்கட காணி" என்றோம்? மூளைக்குள் இடத்தைக் குறித்து வைக்கிற கலங்கள் இருப்பதாக ஜான் ஓ'கீஃப் 1971இலேயே சொன்னார். அவருக்கும் மோசர் தம்பதியருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. மூளை இடத்தைக் குறித்துக்கொள்ள அடையாளங்களையும் பிடித்துக்கொள்கிறது. அதனால் வீடு கட்ட முதல் டோசர் விட்டு வளவை வழிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிழலோடு சேர்த்து நினைவையும் வழிக்கிறார்கள் ஐயா!

எதிரணி உடனே, இதெல்லாம் காசுள்ளவன் பார்க்கிற சுகம் என்று சொல்லும். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்த 46 நோயாளிகள். பாதிப் பேருக்கு யன்னலால் மரம் தெரிந்தது, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முந்தி வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மரத்துக்கு யாரும் சீமெந்து வாங்கவில்லை.

நான் மண்வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. கறையான் தெரியும், பாம்பு தெரியும், கிடுகு மாற்றுகிற செலவும் தெரியும். மூளையைப் படம்பிடித்துப் பார்த்துக் கதவு வைக்கவும் சொல்லவில்லை. சோழகம் தென்மேற்கால் வரும், வாடை வடகிழக்கால் வரும். அந்த இரண்டு பக்கமும் யன்னலைத் திருப்ப எத்தனை பை சீமெந்து கூடப் போகும்? மேற்கில் விறாந்தையை இறக்குங்கள். அடுப்புப் புகை போக வழி விடுங்கள். மேசனிடம் வரைபடத்தைக் கொடுக்க முதல், அந்த வளவுக்குள் ஒரு மத்தியானம் சும்மா குந்தியிருந்து பாருங்கள். இதற்குக் கடன் வாங்கத் தேவையில்லை.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். தீர்ப்புச் சொல்ல முதல் நடுவர் ஐயா ஒருதரம் அண்ணாந்து பார்க்கவேணும். இந்த மண்டபத்துக்கும் தகரம்தான். நல்ல பலமான தகரம். எதிரணித் தலைவர் தன் பேச்சை எழுதிக்கொண்டு வந்த தாளால் இவ்வளவு நேரமும் விசிறிக்கொண்டிருக்கிறார்.