அப்பா தாண்ட விடாத திண்டுக்கல் ரோடு

நடுவர் அவர்களே! "வீட்டிலிருந்து வேலை பழகுவது வெறும் சோம்பேறித்தனம்"னு எதிரணி அண்ணன் சொல்லிட்டுப் போயிட்டாரு. 2020-ல் கொரோனா வந்தப்போ, கோல்ட்மேன் சாக்ஸ் மாதிரிப் பெரிய முதலீட்டு வங்கிகளே மாணவர் பயிற்சியைக் கம்ப்யூட்டர் வழியாத்தான் நடத்தின. அந்த வருஷம்தான் எனக்கும் மும்பையில ஒரு முதலீட்டு வங்கியில பயிற்சி கிடைச்சது. பாஸ்புக்ல வரவு வைக்கிற வங்கி இல்லைங்க. ஒரு கம்பெனி என்ன விலை பெறும், வாங்கலாமா விக்கலாமான்னு கணக்குப் பார்க்கிற இடம்.

ஆபீஸ் திறந்திருந்தா? "வயசுப் பொண்ணு, பம்பாயா?"ன்னு அப்பா என்னை விளாங்குடி திண்டுக்கல் ரோட்டையே தாண்ட விட்டிருக்க மாட்டாரு. அந்த ஊரு வாடகைக்குப் பணத்துக்குத்தான் எங்க போவாரு?

முதல் பாடம்: அடுத்த வருஷம் வரப்போற 100 ரூபாய், வட்டி 10 சதவீதம்னா, இன்னைக்குச் சுமார் 91 ரூபாய்தான். நான் முழிக்கிறேன். அரிசி புடைச்சுக்கிட்டிருந்த அம்மா சொல்றாங்க: "ஏலச்சீட்டை முதல் மாசமே எடுக்கணும்னா தள்ளித்தானடி எடுக்கணும்? இதுக்கு ஒரு வங்கியா?" (சிரிப்பு, கைதட்டல்)

பக்கத்து மேசையில பெரியவங்க பேரம் பேசுறதைக் கேட்டுப் பழகுற பாடம் எனக்குக் கிடைக்கலை. அது இழப்புதான். கோல்ட்மேன் தலைவர் டேவிட் சாலமன் 2021-ல், இந்த வீட்டு வேலையே ஒரு கோளாறு, சீக்கிரம் திருத்தணும்னு சொன்னாரு. புதுசா வர்ற பிள்ளைங்க யாரைப் பார்த்துக் கத்துக்கும்னு கவலை. நியாயம்தான். ஆனா அந்தக் கோளாறு வழியாத்தானே நான் உள்ள போனேன்?

இப்ப என் தங்கச்சி பி.காம். மூணாம் வருஷம். பயிற்சிக்கு நேர்ல வாங்கன்னு மும்பையில இருந்து மெயில் வந்திருக்கு. அப்பா இன்னும் பதில் சொல்லலை, நடுவர் அவர்களே.