ஆற்றுக்கு நம்மைத் தெரியாது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட சங்கச் செயலாளர், அணை, பாலம் என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் ஓர் அமெரிக்கக் கதையைப் பற்றிப் பேசப் போகிறேன். இன்ஜினியருக்குக் கதை எதுக்குன்னு பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள், தண்ணீர் இதிலும் வரும்.

ஸ்டீபன் கிரேன் என்று ஓர் எழுத்தாளர், பத்திரிகை நிருபர். 1897 ஜனவரியில், கியூபாவுக்கு ஆயுதம் ஏற்றிப் போன 'கமோடோர்' என்ற கப்பல் ஃபுளோரிடா கரைக்கு அப்பால் மூழ்கியது. அதில் போன கிரேன், கப்பல் தலைவர், சமையற்காரர், எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற தொழிலாளி ஆகிய நாலு பேரும் ஒரு பத்தடிப் படகில் ஏறினார்கள். ஏறக்குறைய 30 மணி நேரம் அலையோடு மல்லுக்கட்டினார்கள். அதே ஆண்டில் அதை 'தி ஓப்பன் போட்' என்ற கதையாக எழுதினார் கிரேன். கரை தெரிகிறது, கரையில் ஆளும் தெரிகிறது, உதவி மட்டும் வரவில்லை. கடைசியில் நீந்துகிறார்கள். துடுப்பு வலித்துக் களைத்திருந்தும் எல்லோருக்கும் முன்னால் நீந்திப் போனவன் அந்த எண்ணெய்க்காரன் பில்லி. மூன்று பேர் பிழைத்தார்கள். செத்தது அவன்.

ஏன் அவன்? கதையில் பதில் கிடையாது. கடலுக்கு அவன்மேல் கோபமில்லை, மற்ற மூவர்மேல் இரக்கமும் இல்லை. திட்டித் தீர்க்கலாம் என்றாலும் எதிரே ஆளில்லை. ஜாக் லண்டன் 1908இல் வெளியிட்ட 'டு பில்ட் எ ஃபயர்' கதையும் இந்த ரகம்தான். உறைபனிக் காட்டில் ஒருவன் மரத்தடியில் தீ மூட்டுகிறான், கிளையிலிருந்த பனி சரிந்து விழுந்து தீ அணைந்துபோகிறது. அவ்வளவுதான். இந்த வகை எழுத்துக்கு 'நேச்சுரலிசம்' என்று பெயர். முதலாண்டில் எங்கள் ஆங்கில ஐயா உருகி உருகி நடத்தினார். நான் ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிட்டேன்.

மூன்றாமாண்டு ஐப்பசியில் நடந்தது என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். பாலசமுத்திரம் எங்கள் ஊர். பொருந்தலாற்றில் குளிக்கலாம் வாங்கடா என்று கூப்பிட்டவன் நான். அடிவாரத்தில் நல்ல வெயில். எங்களில் மிக நன்றாக நீந்துகிறவன் அவன், பெயர் சொல்லவில்லை. "உனக்கு நீச்சல் தெரியாது, மேலே உக்காந்து துணியைப் பாத்துக்கடா" என்று என்னைப் பாறையில் ஏற்றிவிட்டுத்தான் இறங்கினான். திடீரென்று தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. நாங்கள் எல்லோரும் இருக்கிறோம், அவன் இல்லை.

ஆத்தா காவு கேட்டுட்டா என்றார்கள் ஊரில். நாள் சரியில்லை என்றார்கள். நான் கூப்பிட்டதுதான் காரணம் என்று எனக்குள் பல வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு வேலையில், ஒரு மலையோடைக்கு வெள்ளக் கணக்குப் போட வேண்டி வந்தது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம்; நம் அடிவாரம் அதில் கால் பங்குகூட வராது. மேலே கொட்டுகிற மழை செங்குத்துச் சரிவில், பாறைமேல், ஊறுவதற்கு நேரமில்லாமல் ஓடையோடு ஓடை சேர்ந்து இறங்கும். கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அந்தச் சூத்திரத்தில் மழை வேகத்துக்கு இடமுண்டு, பரப்புக்கு இடமுண்டு, நிலம் எவ்வளவு நீரை வழியவிடும் என்பதற்கு இடமுண்டு. கீழே யார் குளிக்கிறார்கள் என்பதற்கு இடமில்லை. அன்று ராத்திரி கிரேனின் கதையைத் தேடிப் படித்தேன். அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அதற்காக வெட்கப்படவும் செய்தேன்.

இது வெளியூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். புறநானூற்றின் 192ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடியது. முதல் வரியை மேடைக்கு மேடை சொல்லுவோம். அதே பாட்டில் மழை பெய்து பெருகிய ஆறு பாறையில் மோதி இரைகிறது, அதன் போக்கில் ஒரு மிதவை போகிறது. அதை யாரும் சொல்வதில்லை. அதைப் பார்த்தவர்தான் பெரியவர்களை வியக்கவும் வேண்டாம், சிறியவர்களை இகழவும் வேண்டாம் என்கிறார். கிரேனின் படகிலும் தலைவன், நிருபன், சமையற்காரன் என்ற வித்தியாசம் கரைந்துபோகிறது. ஆறு யாரையும் பார்ப்பதில்லை. பாறையில் உட்காரச் சொன்னது ஆறு இல்லை, அவன்.

தம்பிகளுக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் இறங்கினால் தலைக்கு மேலே பார்க்காதீர்கள், மலையைப் பாருங்கள். அங்கே கருத்திருந்தால் இறங்கவே வேண்டாம். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே மேடேறுங்கள். செருப்பு, செல்போன் என்று திரும்பிப் போகாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் சிலர் அவன் வீட்டுக்குப் போகிறோம். அம்மா இருக்கிறார்கள். வருகிறவர்கள் மூன்று மணிக்கு வாசலில் இருங்கள்.