லென்ஸ் வாங்குமுன் சிந்திப்போம்

கேமரா வைத்திருப்போர் பலரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். கேமராவைச் செய்த நிறுவனத்தின் லென்ஸையே வாங்குவதா? அல்லது, அதே கேமராவில் பொருந்துமாறு வேறொரு நிறுவனம் செய்து, பாதி விலைக்கு விற்கும் லென்ஸை வாங்குவதா?

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். பிற நிறுவன லென்ஸ் என்றால் போலி என்று பொருளன்று. ஜப்பானின் டாம்ரான் 1950-ஆம் ஆண்டிலும், சிக்மா 1961-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை. தங்கள் சொந்தப் பெயரிலேயே லென்ஸ் செய்து விற்பவை. பிறர் பெயரைத் திருடி ஒட்டி விற்பதே போலி.

அப்படியானால், மலிவான லென்ஸில் குறை எங்கே தெரியக்கூடும்? முதலாவது, படத்தின் மூலைகளில். லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து எடுத்தால் நடுப்பகுதி தெளிவாகவும் மூலைகள் மங்கலாகவும் இருக்கலாம். துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் இந்த வேறுபாடு வெகுவாகக் குறையும். இரண்டாவது, எதிர்வெளிச்சத்தில். கண்ணாடியின் மேற்பூச்சு தரமாக இல்லாவிட்டால் படம் வெளுத்துப்போகும். மூன்றாவது, தானாகக் குவியம் சேர்வதில். இதற்குக் கேமராவும் லென்ஸும் மின்குறிப்புகளால் பேசிக்கொள்ள வேண்டும். 2011-இல் சோனி நிறுவனம் தன் ஈ வகை இணைப்பின் அடிப்படை விவரங்களைப் பிற நிறுவனங்களுக்குத் தந்தது. அவ்வாறு தரப்படாத இடங்களில், அந்த மொழியைப் பிறர் சோதித்தே அறிய வேண்டியிருக்கிறது.

இந்த மூன்றாவது குறையை நாம் பட்டே அறிந்தோம். நம் தோட்டப் பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் மலிவான லென்ஸ் ஒன்றை வாங்கினோம். சோதிக்காமலேயே, ஆறாம் ஆண்டு மாணவர்களின் பரிசளிப்பு விழாவுக்கு எடுத்துச் சென்றோம். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. துவாரத்தை முழுதும் திறந்து எடுத்தோம். மறுநாள் பாட்டி ஒருவர் பேரன் பரிசு வாங்கிய படத்தைக் கேட்டு வந்தார். பின்னால் தொங்கிய திரையின் மடிப்புகள் தெளிவாக இருந்தன. பேரனின் முகம் மங்கலாக இருந்தது. "பரவாயில்ல சார், கொடுங்க," என்று வாங்கிச் சென்றார். நமக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு சோதித்தோம். குவியம் ஒரு சாண் பின்னால் விழுந்தது. திடலில், நல்ல வெயிலில், துவாரம் சுருங்கியபோது அதே லென்ஸ் குறையின்றி எடுத்தது. வகுப்புப் படங்களை இன்றும் அதில்தான் எடுக்கிறோம்.

சோதனை எளிது. சுவரில் நாளிதழ் ஒன்றை விரித்து ஒட்டி, கேமராவை அசையாமல் வைத்து எடுங்கள். மூலைகளில் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று பால் டின்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக நிறுத்தி, துவாரத்தை முழுதும் திறந்து, நடு டின்னுக்குக் குவியம் வைத்துப் பத்து முறை எடுங்கள். நடு டின் ஒவ்வொரு முறையும் தெளிவாக விழ வேண்டும். இல்லையேல், திருப்பித் தரும் தவணைக்குள் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தில் எடுப்போருக்கு மலிவான லென்ஸே போதும். திருமணம், பரிசளிப்பு போன்றவற்றை மறுபடியும் நடத்திப் படமெடுக்க முடியாது. அவற்றை எடுப்போர், எந்தப் பெயருள்ள லென்ஸானாலும், முன்னரே சோதித்துக்கொள்வது கடமை.