பழவேற்காட்டில் ஒரு பகல்

(தண்டையார்பேட்டையில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



பெரிய தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. ஒரு நாள் ஊர் சுற்றின கதை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப் படித்த மூன்று பேருடன் பழவேற்காட்டுக்குப் போனேன். தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் விடியற்காலை கும்மிடிப்பூண்டி ரயில். பொன்னேரியில் இறங்கி பஸ். எண்ணூர் அனல்காற்றிலிருந்து போனவர்களுக்கு அந்த ஊர் அமைதியே ஒரு விருந்து. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள்!

சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. இங்கே 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கிற இடங்களில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். எல்லா ஊருக்கும் அதில் பங்கு இல்லை என்ற மனத்தாங்கலும் உண்டு. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதைச் சொன்னார். அடைந்துவிட்டால் படகு வெளியே போக முடியாது, கடல் தண்ணியும் இறால் குஞ்சும் உள்ளே வராது. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, ரெண்டு பக்கமும் கருங்கல் சுவர் போட்டா சரியாயிடுமே" என்றேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"தண்டையார்பேட்டைங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியாததா? சுவருக்குத் தெக்கால மண்ணு சேரும். வடக்கால இருக்கிற குப்பத்தைக் கடல் தின்னும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டீங்களா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு அந்த மணல் தடைபட்டது. மெரினா அகலமானது, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரிந்தது. காசிமேட்டுக்கு வடக்கே கொட்டிய கருங்கல் மேல் உட்கார்ந்துதான் நான் பரீட்சைக்குப் படித்தேன். அந்தக் கல் ஏன் அங்கே வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை!

சுவரே கூடாது என்று அந்தப் பெரியவர் சொல்லவில்லை. வடக்கே இருப்பவனையும் கேட்டுவிட்டு வரைபடம் போடு என்றார். தம்பிகளே, தங்கைகளே, இது நம் பாடப் புத்தகத்தில் இருந்த விஷயம்தான். நான் மார்க்குக்குப் படித்தேன், அவர் வீட்டுக்காகப் படித்திருக்கிறார்.

அடுத்த முறை போகும்போது சிவில் மாணவர்கள் நாலு பேரை அழைத்துப் போகிறேன். ரயில் டிக்கெட் என் செலவு. நோட்டுப் புத்தகம் உங்களுடையது.