நேராகப் பார்க்கிற முகங்கள்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. போட்டோவைப் பற்றிப் பேசுறேன்னு நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் இருக்கு.

நான் வங்கியில் குமாஸ்தா. போன வருஷம் ஒரு அம்மா, செத்துப்போன மகனின் கணக்கை முடிக்க வந்தாங்க. கட்டட வேலைக்குப் போன இடத்தில் செத்தவன். கணக்கில் இருந்தது சில நூறு ரூபாய். பணத்தை அவங்க எண்ணிக்கூடப் பார்க்கலை. “பாரத்துல ஒட்டியிருக்கே எம்புள்ள போட்டோ, அத மட்டும் பிச்சுக் குடு சாமி. வீட்ல வேற இல்ல”ன்னாங்க. “ரூல்ஸ் இல்லம்மா” என்றேன். சொன்னது யாரு? அதே மாதிரி ஒரு சேரியிலிருந்து படித்து வந்த நான். கடைசியில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். முகம் இருக்கிற இடத்தில் கரி அப்பின மாதிரி இருந்தது. அதையும் மடிக்காம நெஞ்சோட வைச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க.

நம்ம சனங்க முகம் எங்கெல்லாம் பதிவாகியிருக்கு? பாரத்தில். போலீஸ் ஸ்டேஷனில். கலவரம் நடந்தா பத்திரிகையில். பொணமான பிறகுதான் கேமரா நம்மைத் தேடி வருது.

இதே கேள்வியை வேறொரு மண்ணில் கேட்ட ஒருத்தரைப் பற்றிச் சொல்றேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நாயருக்கு 11. அதே நாளில் அதே ஊரில் ஜானி ராபின்சன் (16), விர்ஜில் வேர் (13) என்ற இரண்டு பையன்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராபின்சனைச் சுட்டது போலீஸ். குண்டு வைத்தவர்களில் ஒருவனுக்குத் தண்டனை கிடைத்தது 1977இல். மேலும் இருவருக்கு 2001, 2002இல். நீதி எவ்வளவு மெதுவா நடக்கும்னு நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆடி மேயின் தங்கை சாரா அதில் ஒரு கண்ணை இழந்தாள். கண்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிற அவள் படத்தை நியூயார்க்கில் ஒரு 11 வயசுப் பையன் புத்தகத்தில் பார்த்தான். தாவூத் பே. பிற்காலத்தில் பெரிய புகைப்படக் கலைஞர் ஆனார். அந்தப் படம் அவரை விடவில்லை. பர்மிங்ஹாமுக்கே போனார்.

அங்கே வாழ்கிற கறுப்பின மக்களை உட்காரவைத்து எடுத்தார். செத்த பிள்ளையின் வயசில் ஒரு பிள்ளை. அது உயிரோடு இருந்திருந்தால் என்ன வயசோ அந்த வயசில் ஒரு பெரியவர். 11க்குப் பக்கத்தில் 61. 14க்குப் பக்கத்தில் 64. கறுப்பு வெள்ளையில் 16 ஜோடிகள். 2013இல் அந்த ஊர்க் கலை அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். 1963இல் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே கறுப்பர்களை உள்ளே விட்ட அதே அருங்காட்சியகம்!

படத்தில் ரத்தம் இல்லை, அழுகை இல்லை. ரெண்டு பேரும் நேரா நம்மைப் பார்க்கிறாங்க. ரெண்டு முகத்துக்கும் நடுவே 50 வருஷம். பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், நரைமுடி என்று அந்தப் பிள்ளைகளிடமிருந்து பறித்த அத்தனையும் அங்கே இருக்கு. அதே சமயம், அந்த 64 வயசு அம்மாவின் முகம் ‘நாங்க தீர்ந்துபோயிடலை’ன்னும் சொல்லுது.

காயத்தைக் காட்டவே கூடாதுன்னு நான் சொல்லலை. 1955இல் எம்மட் டில்லின் தாய், அடித்துச் சிதைத்த மகனின் முகத்தை மூடாமல் உலகத்துக்குக் காட்டினார். கறுப்பர்களின் ‘ஜெட்’ பத்திரிகை அதை அச்சிட்டது. அதுவும் போராட்டம்தான். ஆனால் நம் பத்திரிகைகளின் அட்டையில் காயம் மட்டுமே இருந்தால், நம் பிள்ளைகள் நம்மைப் பொணமாக மட்டுமே பார்த்து வளரும்.

1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரில் பிள்ளைகளும் இருந்தார்கள். இருந்திருந்தால் இன்றைக்கு ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அந்த ஜோடிப் படங்களை யார் எடுப்பது?

மாணவத் தோழர்களே, உங்க எல்லார் கையிலும் கேமரா இருக்கு. ஊருக்குப் போனதும் உங்க பாட்டியை நாற்காலியில் உட்காரவைச்சு, வெளிச்சத்தில் நிதானமா ஒரு படம் எடுங்க. பிரிண்ட் போட்டு, பின்னால பேரும் வயசும் எழுதி அவங்க கையில குடுங்க. நாளைக்கு அந்த முகத்துக்காக யாரும் ஒரு குமாஸ்தாகிட்ட வந்து கெஞ்சக்கூடாது.