பி.இ. முடித்த பின் என்ன?



2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்கள் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரிகளுக்குச் செல்கிறார்கள். "பி.இ. முடிச்சிட்டு என்ன சார் படிக்கலாம்?" என்று கேட்டு வரும் பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடிய ஒரு பதில், மேலாண்மை.

ஆலையில் இயந்திரத்தை ஓடவைப்பது பொறியியல். எவ்வளவு செய்வது, என்ன விலைக்கு விற்பது, யாரை எந்த வேலையில் அமர்த்துவது என்பதெல்லாம் மேலாண்மை. இரண்டையும் இணைத்துக் கற்பிக்க 1963இல் மும்பையில் தொடங்கப்பட்ட நிறுவனமே 2023இல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் எம்.பி.ஏ. உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வெழுதி நம் மாநிலக் கல்லூரிகளிலும் சேரலாம்.

ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வில் மூன்று பகுதிகள்: ஆங்கில வாசிப்பு, தரவும் தருக்கமும், கணக்கு. கணக்கில் நம் பிள்ளைகள் ஈடுகொடுப்பார்கள்; தடுமாறுவது வாசிப்பில்தான். அது கல்லூரிக்குப் போய்ச் சில மாதங்களில் வந்துவிடாது. ஆறாம் வகுப்பில் தினம் ஒரு பத்தியைப் படிக்கவைத்து, "இதில் என்ன சொல்லியிருக்கிறது? உன் சொற்களில் சொல்" என்று கேளுங்கள். பட்டியலையும் வரைபடத்தையும் மதிப்பெண்ணுக்காக வரைந்ததோடு விடாமல், அவை சொல்லும் செய்தியைப் பேசவையுங்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வீட்டில் வழிகாட்ட ஆளில்லை. அந்த இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.