காசைக் கரைக்காமல் உடற்பயிற்சி
(தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



"எட்டு மணி நேரம் மெஷின் முன்னால நிக்கிறோம். இதுக்கு மேல உடற்பயிற்சி வேறயா சார்?" கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் நிற்பது நடை ஆகாது. ஒரே கையை ஒரே விதமாக ஆட்டினால் கை களைக்குமே தவிர, இதயத்துக்கு வேண்டிய வேலை கிடைக்காது. வாரத்துக்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பாக நடக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியுள்ளது. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். அவ்வளவுதான்.

"அதுக்குச் சாமான் வாங்கக் காசு ஏதுங்க?" என்பீர்கள். என் கதையையே சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை வந்ததும் தவணையில் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினேன். இரண்டு மாதம் மிதித்தேன். பிறகு அதன்மேல் துணி காய்ந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. சரி, நடப்போம் என்று பழைய ரப்பர் செருப்போடு கிளம்பினேன். வார் உரசிக் கொப்புளம் வந்தது. கால் மரத்திருந்ததால் வலியே தெரியவில்லை. தரையில் ரத்தக்கறையைப் பார்த்து என் மனைவிதான் அலறினாள். புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. ஊருக்குப் புத்தி சொல்கிறவனுக்கே இந்தக் கதி!

ஆகவே, எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம் என்று பார்ப்போம்.

1. காலணி: காசு போடவேண்டியது இதில்தான். பெயர்பெற்ற கம்பெனி வேண்டாம். அடிப்பகுதி மெத்தென்றும், குதிகால் ஆடாமலும் இருந்தால் போதும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கால் மரத்தவர்கள் பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள். இரவில் ஒரு சிறு கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள்.

2. எடை: ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ. கைக்கு ஒன்றாகப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு தடவை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். பழகியபின் மணல் நிரப்பலாம்.

3. சுவரும் நாற்காலியும்: சுவரில் கையூன்றித் தண்டால் எடுங்கள். ஆடாத நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள். தரைப் பயிற்சிக்கு வீட்டுக் கோரைப்பாய் போதும்.

4. கயிறு: நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள்வரை வரவேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. மூட்டுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குதிக்க வேண்டாம்.

5. இஞ்சு டேப்: மூச்சை விட்டபின், கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே அளவுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால் எச்சரிக்கை.

அடி எண்ணும் கைக்கடிகாரம் வேண்டுமா? வேண்டாம். 'தினம் பத்தாயிரம் அடி' என்ற கணக்கே, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

எங்கே நடப்பது? கல்கத்தா நெடுஞ்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம்; லாரிக்கு உங்கள் ஆரோக்கியம் தெரியாது. பள்ளி மைதானம், ஏரிக்கரை, கோயில் குளக்கரை இருக்கின்றன. இருட்டில் வெளிர்நிறச் சட்டை போடுங்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் முதலில் தூங்கி எழுந்து, பிறகு நடங்கள்.

தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள், இலவசம். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, மூச்சு முட்டினாலோ, உடனே உட்காருங்கள். 108-ஐ அழையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "வீட்டு வேலையே போதும்" என்று இருந்துவிடாதீர்கள். அந்த அரை மணிக்கு அடுப்பையும் குழந்தையையும் ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் படுத்தால் இருவர் கூலியும் போகும் குடும்பம் நம்முடையது.

வாங்கும் பொருள் குறையட்டும். நடக்கும் நாள் கூடட்டும்.